"512 ஜிபி எஸ்எஸ்டி": கடைத் துண்டில் உள்ள ஒரு வரியை எப்படி வாசிப்பது?

மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ ஒரு கணினிக் கடையில் மடிக்கணினிக்கு விலை கேட்டால், சிறிய துண்டொன்றில் எழுதித் தருவார்கள். செயலி, ரேம், திரை, அதற்குக் கீழே "512 ஜிபி எஸ்எஸ்டி". அடுத்த கடையின் துண்டிலும் அதே வரி இருக்கும். விலையில் மட்டும் பல ஆயிரம் ரூபா வித்தியாசம். மகளுக்காக வாங்க வந்த தகப்பன் மலிவான துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். இரண்டிலும் ஒரே பொருள்தானே எழுதியிருக்கிறது என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கு பல நேரங்களில் பிழையாகிவிடுகிறது. எஸ்எஸ்டி என்பது கணினியில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் பாகம். "512 ஜிபி எஸ்எஸ்டி" என்பது கொள்ளளவை மட்டும் சொல்கிறது. அது எந்த வழியாகக் கணினியோடு பேசுகிறது, உள்ளே எந்த வகைச் சில்லு இருக்கிறது, எவ்வளவு எழுதினால் தேயும், பழுதானால் கழற்றி மாற்ற முடியுமா என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில் பதில் இல்லை.

ஏன் இப்போது இது முக்கியம்?

இரண்டு காரணங்கள் ஒரே காலத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. ஆகவே புதிதாகவோ பாவித்ததாகவோ ஒன்றை வாங்க வேண்டிய நிலை பலருக்கு வந்தது. அதே காலத்தில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் தரவு மையங்கள் இந்தச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கிக்கொள்கின்றன. "குரூஷியல்" என்ற பெயரில் சாதாரண வாடிக்கையாளருக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரோன் நிறுவனம், அந்தச் சில்லறை வணிகத்தைக் கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்ததும் இதனால்தான்.

விலை ஏறும் காலத்தில் பெட்டியின் மேல் அச்சிடும் எண்ணைக் குறைக்க யாருக்கும் மனம் வராது. வெளியே தெரியாத இடத்தில்தான் தரம் இறங்கும். அந்த இடம் எது என்று தெரிந்தவருக்கே துண்டை வாசிக்க முடியும்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்ப்போம்

ரேமும் ஜிபியில்தான் அளக்கப்படுகிறது, சேமிப்பகமும் ஜிபியில்தான். அதனால் இரண்டையும் ஒன்றாக எண்ணுபவர்கள் நிறையப் பேர். வேளாண்மை செய்யும் வீட்டில் இதை எளிதாகச் சொல்லலாம். ரேம் களவெட்டி, சேமிப்பகம் களஞ்சியம். வேலை நடப்பது களவெட்டியில், ஆனால் அங்கே எதுவும் தங்காது. மின்சாரம் நின்ற நொடியில் ரேமில் இருந்தவை போய்விடும். களஞ்சியத்தில் வைத்தது மின்சாரம் இல்லாமலும் இருக்கும். இந்தக் கட்டுரை களஞ்சியத்தைப் பற்றியது.

வன்தட்டு: சுழலும் தகடு

கடைகளில் ஹார்ட் டிஸ்க் என்று சொல்லப்படும் வன்தட்டைத் திறந்து பார்த்தால், கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தகடுகள் ஓர் அச்சில் அடுக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு மெல்லிய கை. அதன் நுனியில் எள்ளளவு தலை. மடிக்கணினி வன்தட்டின் தகடு பொதுவாக நிமிடத்துக்கு 5400 தடவை, அதாவது ஒரு வினாடிக்கு 90 தடவை சுழலும். தலை தகட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு அந்த இடைவெளியைவிடப் பல ஆயிரம் மடங்கு. ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டு மேசையிலிருந்து விழுந்தால் ஏன் பிழைப்பதில்லை என்பதற்கு இதுவே விளக்கம்.

மூடியில் ஒரு சிறு துளையும், "இதை மூட வேண்டாம்" என்ற எச்சரிக்கையும் பெரும்பாலான வன்தட்டுகளில் உண்டு. உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை வெளியோடு சமப்படுத்தும் மூச்சுத் துளை அது. வடிகட்டி தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. இந்தத் துளை கட்டுரையின் கடைசியில் மறுபடியும் வரும்.

வன்தட்டின் மெதுவுக்குக் காரணம், தேடுவதற்கு எடுக்கும் நேரம். ஒரு கோப்பு வேண்டுமென்றால் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். பிறகு தகடு சுழன்று அந்த இடம் தலைக்குக் கீழே வர வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் ஏறக்குறைய 10 முதல் 15 மில்லிவினாடி. கேட்கச் சிறிதாகத் தெரியும். ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுகிறது. பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாக வாசிக்கும்போது வினாடிக்கு 100 மெகாபைட் தரும் அதே தட்டு, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை எடுக்கும்போது வினாடிக்கு ஒரு மெகாபைட் அளவுக்கே இறங்கிவிடும். பழைய மடிக்கணினியை முடுக்கிவிட்டுத் தேநீர் போடப் போகிறோமே, அந்த நேரம் முழுவதும் இந்தக் கை அலைந்துகொண்டிருக்கிறது.

எஸ்எஸ்டி: நகரும் பாகம் இல்லாதது

எஸ்எஸ்டிக்குள் சுழல்வதற்கு ஒன்றுமில்லை. ஃபிளாஷ் எனப்படும் சில்லுகளில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் மின்னூட்டத்தை அடைத்துவைத்து, அதன் அளவைப் பார்த்துத் தரவு வாசிக்கப்படுகிறது. ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்காவின் கண்டுபிடிப்பு இது. இன்று எஸ்எஸ்டிகளில் உள்ள நேண்ட் வகையை அவர் 1987இல் வெளியிட்டார். எந்த அறையும் தூரமில்லை. தேடும் நேரம் மில்லிவினாடியில் ஒரு சிறு பங்கு. அதனால்தான் அதே பழைய கணினியில் வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டதும் புதுக் கணினி போல் ஆகிவிடுகிறது.

இதற்கும் ஒரு விலை உண்டு. அறைக்குள் எழுதி அழிக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் சுவர் கொஞ்சம் தேய்கிறது. எத்தனை தடவை தாங்கும் என்பது சில்லின் வகையைப் பொறுத்தது.

அந்த வரிக்குள் இருக்கக்கூடிய நான்கு பொருட்கள்

1. இஎம்எம்சி. மிக மலிவான சிறு மடிக்கணினிகளில் வரும். கைபேசியில் உள்ளதுபோல் தாய்ப்பலகையில் நேராகப் பற்றவைக்கப்பட்ட சேமிப்பகம். பெரும்பாலும் 64 அல்லது 128 ஜிபி. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 64 ஜிபி. ஆகவே 64இல் மூச்சுவிட இடமிருக்காது. கழற்றி மாற்றவும் முடியாது. இதை எஸ்எஸ்டி என்று எழுதியிருந்தால் அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2. 2.5 அங்குலச் சாட்டா எஸ்எஸ்டி. பழைய மடிக்கணினி வன்தட்டின் அதே உருவம், அதே இணைப்பு. சாட்டா என்பது வன்தட்டுகளுக்காக அமைக்கப்பட்ட பாதை. அதன் மூன்றாம் தலைமுறை வினாடிக்கு 6 கிகாபிட் தருகிறது. நடைமுறையில் வினாடிக்கு 550 மெகாபைட் அளவில் நின்றுவிடும். சில்லு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் பாதை அதற்கு மேல் விடாது.

3. எம்.2 சாட்டா. சுவிங்கம் துண்டு போன்ற சிறு பலகை. உருவம் புதிது, பாதை பழைய சாட்டாவே. வேகமும் அதே 550தான்.

4. எம்.2 என்விஎம்இ. பார்க்க மூன்றாவதைப் போலவே இருக்கும், பாதை வேறு. பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேகமான பாதை வழியாகச் செயலியோடு நேராகப் பேசுகிறது. மூன்றாம் தலைமுறை வினாடிக்கு 3500 மெகாபைட் வரையும், நான்காம் தலைமுறை 7000 வரையும் போகும்.

அதிகமானோர் ஏமாறுவது மூன்றுக்கும் நான்குக்கும் இடையில். எம்.2 என்பது உருவத்தின் பெயர், வேகத்தின் பெயரல்ல. பலகையில் 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். "எம்.2 இருக்கிறது, ஆகவே வேகமானது" என்று கடையில் சொன்னால் அது பாதி விடை.

இதன் மறுபக்கமும் நடக்கிறது. பழைய மடிக்கணினி வைத்திருப்பவர் என்விஎம்இ ஒன்றை வாங்கிவந்து செருகுகிறார். கணினி அதைக் கண்டுகொள்வதே இல்லை. அந்தச் செருகுவாய் சாட்டாவுக்கு மட்டும் உரியதாக இருக்கும். பலகையின் பொன்னிறப் பற்களைப் பாருங்கள். சாட்டா வகையில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகளும் என்விஎம்இ வகையில் பெரும்பாலும் ஒரு வெட்டும் இருக்கும். ஆனால் இரண்டு வெட்டுள்ள என்விஎம்இயும் உண்டு. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல், மடிக்கணினியின் மாதிரி இலக்கத்தைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் தேடி எது பொருந்தும் என்று உறுதிசெய்த பிறகே பணம் கொடுங்கள்.

7000 யாருக்குத் தேவை?

ஒரு கலியாண வீடியோவை எடுத்துக்கொள்வோம். 50 ஜிபி என்று வைப்போம். அதை வாசித்து முடிக்க,

வினாடிக்கு 100 மெகாபைட் தரும் வன்தட்டுக்கு 8 நிமிடத்துக்கு மேல்;
500 தரும் சாட்டா எஸ்எஸ்டிக்கு 100 வினாடி;
3500 தரும் என்விஎம்இக்கு ஏறக்குறைய 14 வினாடி.

அக்கரைப்பற்றில் ஸ்டூடியோ நடத்துபவருக்கு இந்த வித்தியாசம் பணம். நாள் முழுவதும் இப்படிப்பட்ட கோப்புகளை வெட்டி ஒட்டுகிறார். ஆனால் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவிக்கு வேலை ஆவணம், உலாவி, சூம் வகுப்பு. அவருக்குப் பெரிய பாய்ச்சல் வன்தட்டிலிருந்து ஏதாவதொரு நல்ல எஸ்எஸ்டிக்கு மாறுவதில் கிடைத்துவிடுகிறது. சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு, அல்லது 3500இலிருந்து 7000க்குப் போவதை அவரால் உணரவே முடியாமல் போகலாம். அந்தக் காசை ரேமுக்குப் போடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சங்கிலியின் மெலிந்த கண்ணியையும் மறக்கக் கூடாது. அதே 50 ஜிபியை யூஎஸ்பி 2.0 வழியாக எடுத்தால் வினாடிக்கு 30 மெகாபைட் அளவுதான். அரை மணித்தியாலம் ஆகும். உள்ளே என்ன எஸ்எஸ்டி இருந்தாலும் இது மாறாது. வெளிப்புறச் சாதனத்தை வேகமான துவாரத்தில் செருகுங்கள். பல கணினிகளில் அது நீல நிறத்தில் இருக்கும்.

சில்லின் வகையும் தேய்மானமும்

என்விஎம்இ என்று எழுதியிருந்தாலும் கதை முடியவில்லை. விலை வித்தியாசத்தின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது.

ஓர் அறையில் எத்தனை பிட் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தரவுத் துண்டு) அடைக்கிறார்கள் என்பதே கேள்வி. டிஎல்சி வகையில் மூன்று பிட். அதற்கு 8 மின்னூட்ட நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். கியூஎல்சி வகையில் நான்கு பிட்; 16 நிலைகள். அறை அதே அளவு, பிரிவுகள் இருமடங்கு. ஆகவே கியூஎல்சி மலிவு, எழுதுவதில் மெதுவு, தேய்வதும் விரைவு. இந்த மெதுவை மறைக்க, தயாரிப்பாளர்கள் ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாக வைக்கிறார்கள். அது நிரம்பும்வரை எல்லாம் பறக்கும். பெரிய கோப்பு ஒன்றைக் கொட்டி அது நிரம்பிவிட்டால், சில கியூஎல்சி எஸ்எஸ்டிகளின் எழுதும் வேகம் வன்தட்டின் அளவுக்கே விழுந்துவிடும். பெட்டியில் உள்ள எண் நிரம்புவதற்கு முந்திய வேகம்.

தேய்மானத்தை டிபிடபிள்யூ என்ற எண்ணால் சொல்கிறார்கள். உத்தரவாதக் காலத்தில் மொத்தம் எத்தனை டெராபைட் (ஒரு டெராபைட் 1000 ஜிபி) எழுதலாம் என்பது அதன் பொருள். நல்ல 500 ஜிபி டிஎல்சி எஸ்எஸ்டிக்கு 300 டெராபைட் என்பது வழமையான எண். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அந்த 300ஐ எட்ட 15,000 நாள், அதாவது 41 ஆண்டு. ஆகவே வீட்டுப் பாவனைக்குத் தேய்ந்துபோகும் என்ற பயம் வேண்டாம். ஆனாலும் இந்த எண்ணைக் கேளுங்கள். தொழில்நுட்ப விவரங்களைத் தரும் தரவுத்தாளில் அந்த எண்ணே இல்லாத எஸ்எஸ்டியைத் தயாரிப்பாளரே நம்பவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

512 வாங்கினால் 476 காட்டுவது ஏன்?

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 1,000,000,000 பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024ஐ மூன்று தடவை பெருக்கி எண்ணுகிறது. எனவே 512 என்பது 476 ஆகவும், 1 டெராபைட் என்பது 931 ஆகவும் தெரியும்.

எதை வாங்குவது?

1. பழைய மடிக்கணினி, உள்ளே வன்தட்டு. ரேம் 8 ஜிபி ஆவது இருந்தால், 2.5 அங்குலச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போதும். 256 ஜிபி கூடப் பலருக்குப் போதுமானது. கழற்றிய வன்தட்டை வீசாதீர்கள். மலிவான யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டால் வெளிப்புறச் சேமிப்பகமாகிவிடும்.

2. புது மடிக்கணினி. 512 ஜிபி, என்விஎம்இ, டிஎல்சி. இந்த மூன்று சொற்களையும் கேளுங்கள். அதைவிட முக்கியம், எஸ்எஸ்டியின் தயாரிப்பாளர் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் அதே துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரும் கடையில் வாங்குங்கள். மாதிரி இலக்கம் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் கைபேசியிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

3. ஸ்டூடியோ, பெரிய கோப்பு வேலை. வெட்டி ஒட்டுவதற்கு என்விஎம்இ. முடிந்த வேலையை வைப்பதற்கு 3.5 அங்குல வன்தட்டு. ஒரு டெராபைட்டுக்கு ஆகும் விலையில் வன்தட்டு இன்னும் மலிவு. வன்தட்டிலும் இரண்டு வகை உண்டு. தடங்களை ஓட்டுக் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் எஸ்எம்ஆர், தனித்தனியாக வைக்கும் சிஎம்ஆர். எஸ்எம்ஆரில் ஒரு தடத்தை மாற்ற அடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால், தொடர்ந்து எழுதும்போது திணறும். 2020இல் சில பெரிய தயாரிப்பாளர்கள் எஸ்எம்ஆர் என்று சொல்லாமலே விற்றது வெளிவந்து உலகெங்கும் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். இன்று தரவுத்தாள்களில் அது குறிப்பிடப்படுகிறது. பாருங்கள்.

4. கடைக் கணக்கு, அலுவலகம். எந்த வகையானாலும், மின்சாரம் போனாலும் கணினியைச் சிறிது நேரம் ஓடவைக்கும் யூபிஎஸ் ஒன்று வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதி எழுதிய கோப்பு சிதையும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களைக் கண்டவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாவித்தது, போலியானது

பாவித்த மடிக்கணினி வாங்கும்போது கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓடவிடச் சொல்லுங்கள். எத்தனை மணித்தியாலம் ஓடியது, எஸ்எஸ்டியானால் எத்தனை வீதம் உயிர் மிச்சம், வன்தட்டானால் பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள் எத்தனை என்று காட்டும். அந்தக் கடைசி எண் பூச்சியமாக இல்லாவிட்டால் வேறொன்றைப் பாருங்கள்.

நம்ப முடியாத விலையில் 2 டெராபைட் பென் டிரைவ் இணையத்தில் விற்கப்படுகிறது. உள்ளே 32 அல்லது 64 ஜிபி சில்லுதான் இருக்கும். அதன் கட்டுப்பாட்டுச் சில்லு கணினியிடம் 2 டெராபைட் என்று பொய் சொல்லும். உண்மையான இடம் நிரம்பிய பிறகு, நகலெடுத்ததுபோல் காட்டிக்கொண்டே தரவைத் தொலைக்கும். பெயர்கள் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. வாங்கியதும் முழுக் கொள்ளளவையும் நிரப்பித் திரும்ப வாசித்துப் பார்ப்பதே ஒரே சோதனை.

வெள்ளம் வரும் ஊரில் ஒரு பிரதி போதாது

2011ஆம் ஆண்டில் இரண்டு வெள்ளங்கள் இந்த விடயத்தோடு சேர்கின்றன. ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் நீரில் மூழ்கின. அதே ஆண்டின் பிற்பகுதியில் தாய்லாந்து வெள்ளத்தில் வன்தட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கி, உலகச் சந்தையில் வன்தட்டு விலை பாய்ந்து ஏறியது. அங்கே மூழ்கிய தொழிற்சாலைகள் மறுபடி இயங்கின. இங்கே வீடுகளில் நனைந்த படங்கள் திரும்பி வந்திருக்காது. 2004 கடற்கோளுக்குப் பிறகு, போனவர்களின் ஒரு புகைப்படம்கூட மிஞ்சாத வீடுகள் நாவலடியிலிருந்து சாய்ந்தமருது வரை எத்தனையோ. அப்போது அல்பங்கள் போயின. இன்று அதே படங்கள் எல்லாம் ஒரே ஒரு வன்தட்டில், அலுமாரியின் கீழ்த் தட்டில் இருக்கின்றன.

எஸ்எஸ்டி வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்பதும் சரியல்ல. வன்தட்டு சாகும் முன் பெரும்பாலும் கிளிக் கிளிக்கென்று சத்தமிடும், மெதுவாகும், எச்சரிக்கை தரும். எஸ்எஸ்டி பல நேரங்களில் நேற்று வேலைசெய்து இன்று கண்திறக்காமல் போய்விடும். தவறுதலாக அழித்த கோப்பை வன்தட்டிலிருந்து மீட்க வாய்ப்பு அதிகம். எஸ்எஸ்டி அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடுவதால் வாய்ப்பு மிகக் குறைவு. மின்சாரம் இல்லாமல் வைத்தால் அறைகளில் உள்ள மின்னூட்டம் கசியவும் செய்யும். ஜெடெக் எனும் தர அமைப்பின் விதிப்படி, எழுதும் ஆயுளை முழுவதும் தேய்த்துமுடித்த சாதாரண எஸ்எஸ்டி, 30 பாகை வெப்பத்தில் மின்சாரமின்றி ஓராண்டு தரவைக் காத்தால் போதும். புதியது அதைவிட நெடுங்காலம் காக்கும். ஆனால் வெப்பம் கூடினால் காலம் குறையும். நம் ஊரின் பகல் வெப்பம் பல மாதங்கள் 30ஐத் தாண்டுகிறது. ஆகவே கலியாணப் படங்களை எஸ்எஸ்டியில் போட்டுப் பல ஆண்டுகள் பெட்டிக்குள் பூட்டிவைக்க வேண்டாம். அதற்கு வன்தட்டு மேல். அதையும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது செருகித் திறந்து பாருங்கள்.

பிரதிகளுக்கு எளிய விதியொன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில். இங்கே மூன்றாவது பகுதிதான் உயிர். கல்லடியில் இருப்பவரின் வேறிடம், ஆற்றுக்கு அப்பால் நகரத்திலுள்ள அக்காவின் வீடு ஆகாது. ஒரே வெள்ளம் இரண்டையும் தொடும். கண்டியிலோ கொழும்பிலோ உள்ள உறவினரிடம் ஒரு வன்தட்டைக் கொடுத்து வையுங்கள். முடியாவிட்டால் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், முக்கியமான படங்களை மட்டுமாவது இணையச் சேமிப்பில் ஏற்றுங்கள். கூகுள் கணக்கோடு வரும் இலவச 15 ஜிபி ஆவணங்களுக்குத் தாராளம்.

வெள்ளநீரில் வன்தட்டு நனைந்துவிட்டால்:

1. இயங்குகிறதா என்று பார்க்க மின்சாரம் கொடுக்காதீர்கள். மூச்சுத் துளை வழியாகச் சேறு உள்ளே போயிருக்கலாம். தகடு சுழன்றால் அந்தச் சேறு தரவையே சுரண்டிவிடும்.

2. வெயிலில் காயவைக்காதீர்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள். நீர் காய்ந்தால் அதிலுள்ள உப்பும் சேறும் தகட்டில் ஒட்டிப்போகும்.

3. மூடியைத் திறக்காதீர்கள்.

4. ஈரம் உலராதபடி பிளாஸ்டிக் பையொன்றில் போட்டு இறுக்கிக் கட்டி, தரவு மீட்பு செய்பவரிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். எப்போது நனைந்தது, ஆற்றுநீரா கடல்நீரா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.